மாடிக்குப் போகும் குதிரை வண்டி

அன்புள்ள கயல்,

பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் எடுத்த ஆமிஷ் பண்ணைப் படத்தைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, குதிரை வண்டி எப்படி மாடிக்குப் போச்சு?" என்று எழுதியிருந்தாய். வண்டி ஏறவே இல்லை, கயல். கட்டடம்தான் மேட்டை ஒட்டி நிற்கிறது.

அந்தக் கொட்டகையைச் சரிவில் கட்டுவார்கள். மேட்டுப் பக்கம் நின்றால் ஒரு தளம்தான் தெரியும். பள்ளத்துப் பக்கம் வந்தால் இரண்டு. மேட்டிலிருந்து வண்டி நேராக மேல்தளத்துக்குள் நுழைந்துவிடும். உலர்ந்த புல்லும் தானியமும் அங்கேதான், கதிரடிக்கும் களமும் அங்கேதான். கீழே மாடு, குதிரை. தரையில் விட்டிருக்கும் திறப்பு வழியே புல்லைத் தள்ளினால் தீவனம் தொழுவத்தில் விழும். பாரம் தூக்கும் வேலையைச் சரிவே பார்த்துக்கொள்கிறது! பள்ளத்துப் பக்கம் மேல்தளம் சில அடி வெளியே நீண்டு, தொழுவ வாசலை மழையும் பனியும் அண்டாமல் காக்கும். அந்தப் பக்கம் பெரும்பாலும் தெற்குப் பார்த்தது. குளிர்கால வெயில் அங்கேதான் விழும்.

இது ஆமிஷ்காரர்களுக்கு மட்டும் சொந்தமான வித்தையல்ல. அங்கே குடியேறிய ஜெர்மன் மொழிக்காரர்கள் பலரும் இப்படித்தான் கட்டினார்கள். 1693 வாக்கில் யாக்கோப் அம்மன் என்பவர் தலைமையில் தனிக் கிறிஸ்தவச் சமூகமாகப் பிரிந்த ஆமிஷ் மக்கள், 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள்.

பழைய பண்ணைகளில் ஊற்றின் மேலேயே சின்னக் கல்வீடு கட்டி, ஓடும் குளிர்நீரில் பால் பாத்திரங்களை வைப்பார்கள். பிற்காலத்தில் பால் வாங்குவோர் குளிர்தொட்டி கட்டாயம் என்றார்கள். ஆமிஷ்காரர்களோ ஊர் மின்கம்பியை இழுக்காமல், டீசல் இன்ஜின் வைத்துப் பாலைக் குளிரவைத்தார்கள். ஆமிஷ் என்றாலே இயந்திரம் ஆகாது என்பது மேலோட்டமான பேச்சு. எதை உள்ளே விட்டால் வெளியுலகோடு கட்டுண்டு போவோம் என்றுதான் பார்க்கிறார்கள்.

வீட்டையும் கவனி. பண்ணைப் பொறுப்பு மகன் கைக்கோ மருமகன் கைக்கோ போனதும், பெரியவர்கள் பக்கத்தில் ஒட்டிக் கட்டிய 'டாடி ஹவுஸ்'க்கு மாறிவிடுவார்கள். தனி வாசல், தனிச் சமையலறை. பக்கத்திலேயே இருந்தாலும் இரண்டு அடுப்பு. மாமியார் மருமகள் சமாதானத்துக்கு இதைவிட நல்ல கட்டடக்கலை எனக்குத் தெரியாது.

அவர்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் வழிபாடு. அதற்காகவே பல வீடுகளில் அறைத் தடுப்புகளைக் கழற்றி ஒரே கூடமாக்கலாம். பெஞ்சுகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோகத் தனி வண்டியே உண்டு. வழிபாடு முடிந்ததும் அதே பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுச் சாப்பாட்டு மேசையாக்கிவிடுவார்கள்.

அன்புடன்,
சித்தப்பா