பட்டம் இரண்டு, நோயாளி ஒருவர்

அமெரிக்காவில் சில மருத்துவர்களின் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்றிருக்கும், சிலருக்கு டி.ஓ. என்றிருக்கும். டி.ஓ. என்றால் ஆஸ்டியோபதி, அதாவது கையால் சிகிச்சை செய்யும் முறை, கற்றுத்தரும் கல்லூரியில் படித்தவர்.

நம்பிக்கை: டி.ஓ. என்பவர் எலும்பு நீவுகிறவர். முழு மருத்துவர் அல்ல.
உண்மை: பிரிட்டனில் அப்படித்தான்: ஆஸ்டியோபத் மருத்துவர் அல்ல, கையால் சிகிச்சை செய்பவர் மட்டுமே. ஆனால் அமெரிக்க டி.ஓ. முழு மருத்துவர்; மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். அங்கே எம்.டி.யும் அடிப்படைப் பட்டம்தான்; நம்மூர் எம்.டி. போல மேற்படிப்பு அல்ல.

நம்பிக்கை: இரு கல்லூரிகளிலும் வேறு வேறு வைத்தியம் கற்றுத்தருகிறார்கள்.
உண்மை: உடற்கூறியல், மருந்தியல், வார்டுப் பயிற்சி எல்லாம் இருவருக்கும் உண்டு. டி.ஓ. மாணவருக்கு மட்டும் கூடுதலாகச் சுமார் 200 மணி நேரக் கைப்பயிற்சி. அந்தப் பயிற்சியில் ஒரு மாணவர் மேசையில் குப்புறப் படுப்பார். இன்னொருவர் முதுகெலும்பின் இருபக்கமும் விரல் நுனிகளை வைத்து, எங்கே தசை இறுகியிருக்கிறது, எந்தக் கணு ஒருபக்கம் திரும்ப மறுக்கிறது என்று தடவித் தேடுவார். பிறகு இடம் மாறும்: படுத்தவர் எழுந்து மருத்துவராவார். 2020 முதல் மேற்பயிற்சிக்கு இருவருக்கும் ஒரே அங்கீகார அமைப்பு.

நம்பிக்கை: நோயை விட்டு ஆளைப் பார்ப்பவர் டி.ஓ. மட்டுமே.
உண்மை: 1864இல் மூளைக்காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், அன்றைய மருந்துகள்மீது நம்பிக்கை இழந்து ஆஸ்டியோபதியை உருவாக்கினார், 1892இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில்லில் பள்ளி திறந்தார். பாதரச உப்பை மருந்தென்று கொடுத்த காலம் அது. அவர் கோபம் நியாயமானது. ஆனால் இன்று முதுகுவலியோடு வருபவரிடம், கால் மரத்துப்போகிறதா, சிறுநீரை அடக்க முடிகிறதா, என்ன வேலை, தூக்கம் எப்படி என்று இருவருமே கேட்கப் பழகுகிறார்கள். அதன்பின் முதுகைத் தொட்டுப் பார்க்க டி.ஓ.வுக்கு இன்னும் கொஞ்சம் கைப்பழக்கம் இருக்கும்.

நம்பிக்கை: அந்தக் கைக்கு எல்லா நோயும் கட்டுப்படும்.
உண்மை: கீழ்முதுகு வலிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, பல நோய்களுக்கு ஆதாரம் மெலிவு. கைவேலையை விட்டு மொத்தச் சிகிச்சையைப் பார்த்தாலும் அப்படித்தான்: மருத்துவமனையில் சேர்ந்த முதியோரை வைத்து 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தோர் எம்.டி.க்களிடம் 9.4 சதவீதம், டி.ஓ.க்களிடம் 9.5. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. போதாததற்கு, டி.ஓ.க்களில் பலர் படிப்பு முடிந்தபின் அந்தக் கைவேலையை அரிதாகவே செய்கிறார்கள். எனவே பெயர்ப்பலகையில் எந்த எழுத்து என்று பார்ப்பதைவிட, உள்ளே போனதும் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்.