கூடும் நாள் வேறு, குளிக்கும் நாள் வேறு

திருப்புட்குழியிலிருந்து உறவும் நட்புமாக ஆண்டுக்கொரு முறை கடற்கரைக்குப் போக மாமல்லபுரம் வசதியான இடம். ஆனால் காணும் பொங்கலன்று வேண்டாம். அன்று மெரினாவில் கடலில் இறங்கத் தடை விதிப்பதும், குழந்தைகளின் கையில் பெற்றோர் எண் எழுதிய பட்டை கட்டுவதும் காவல்துறையின் வழக்கம். நெரிசலில் பிள்ளைகளைக் கண்ணில் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சான்று. "எல்லோருக்கும் விடுமுறை அன்றுதானே?" என்பது நியாயமான கேள்விதான். அதனால் அன்று ஊரிலுள்ள விஜயராகவப் பெருமாள் கோயிலில் கூடி, வீட்டில் சேர்ந்து சாப்பிடுங்கள். கடலுக்கு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை புறப்படுங்கள். கூட்டமும் குறையும், வெயிலும் தாங்கும்படி இருக்கும்.

"நீச்சல் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே" என்பார்கள். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் நீச்சல்காரரையும் களைக்க வைக்கும். சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். முடியாதவர் மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். காப்பாற்றக் குதிப்பவரும் மூழ்குவதுண்டு. ஆகவே குதிக்காமல் கரையிலிருந்தே வீச, மூடிய காலி கேன், நீளக் கயிறு இரண்டையும் வேனில் ஏற்றுங்கள். நீரில் இறங்காத இருவர் முறைவைத்துக் கரையில் நிற்கட்டும். அவசரத்துக்கு 112.