அடித்த கோடு படமானது

எழுதும்போது தவறு வரும். தவறு வந்தால் ஒரு கோடு போட்டு அடிக்கிறோம். அடித்த இடம் பார்க்க நன்றாக இல்லை. நோட்டை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. சிலர் அந்தக் கூச்சத்தால் நோட்டையே மூடி வைத்துவிடுகிறார்கள்.

உலகம் போற்றிய ஒரு கவிஞரின் நோட்டிலும் அடித்தல் திருத்தல் இருந்தது. அவர் நோட்டை மூடவில்லை. அடித்த கோடுகளையே உற்றுப் பார்த்தார். அந்தக் கோடுகளிலிருந்து படம் வரையத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 63.

அவர்தான் ரவீந்திரநாத் தாகூர்.

கவிஞர் தாகூர்

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். கல்கத்தாவை இப்போது கொல்கத்தா என்கிறோம். அவர் வங்காள மொழியில் எழுதினார். நாம் பாடும் தேசிய கீதம் அவர் எழுதியது. 1913ஆம் ஆண்டு அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவர் குடும்பத்தில் பெரிய ஓவியர்கள் இருந்தார்கள். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனின் மகன்கள் ககனேந்திரநாத், அவனீந்திரநாத். இருவருமே புகழ் பெற்ற ஓவியர்கள். ஆனால் தாகூர் முறையாக ஓவியம் கற்றவர் அல்லர்.

வரைய வேண்டும் என்ற ஆசை மட்டும் அவருக்கு இருந்தது. 1900ஆம் ஆண்டில் அவர் தம் நண்பர் ஜகதீஷ் சந்திர போசுக்கு ஒரு கடிதம் எழுதினார். போஸ் பெரிய விஞ்ஞானி. தாம் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு படம் போடுவதாகத் தாகூர் அதில் எழுதினார். பென்சிலைவிட ரப்பருக்குத்தான் வேலை அதிகம் என்று தம்மையே கேலி செய்துகொண்டார். இந்தப் படங்கள் பாரிஸ் நகரக் கண்காட்சிக்குப் போகப் போவதில்லை என்றும் வேடிக்கையாக எழுதினார்.

அப்போது அவருக்கு வயது 39. அதன் பிறகு கவிதை, கதை, பாட்டு, நாடகம், பள்ளிக்கூட வேலை என்று ஆண்டுகள் ஓடின. படம் போடும் ஆசை ஓரமாகக் காத்திருந்தது.

நோட்டில் வந்த பறவை

1924ஆம் ஆண்டு தாகூர் கப்பலில் தென் அமெரிக்காவுக்குப் போனார். பெரு என்ற நாட்டுக்குப் போக வேண்டும். வழியில் உடல்நிலை கெட்டது. அதனால் அர்ஜென்டினா நாட்டில் தங்கி ஓய்வெடுத்தார். விக்டோரியா ஒக்காம்போ என்ற எழுத்தாளர் அவரைத் தம் விருந்தினராகத் தங்க வைத்துக் கவனித்துக்கொண்டார்.

அங்கே தாகூர் கவிதை எழுதினார். ஒரு சொல் பிடிக்கவில்லை என்றால் அடித்தார். ஒரு வரி சரியில்லை என்றால் அதையும் அடித்தார். பக்கம் எங்கும் அடித்த கறைகள். அந்தக் கறைகள் விடுதலை கேட்டுக் கெஞ்சுவது போல அவருக்குத் தோன்றியது.

அவர் என்ன செய்தார்? ஒரு கறையையும் இன்னொரு கறையையும் கோட்டால் இணைத்தார். இடைவெளியை மையால் நிரப்பினார். பறவை போல ஒன்று வந்தது. விலங்கு போல ஒன்று வந்தது. கொடி போலவும் முகம் போலவும் உருவங்கள் வந்தன.

அந்த நோட்டை ஒக்காம்போ பார்த்தார். வியந்து போனார். இவை வெறும் கிறுக்கல் அல்ல என்று அவருக்குத் தெரிந்தது.

சில ஆண்டுகளில் தாகூர் தனித்தாளிலேயே வரையத் தொடங்கினார். வண்ண மை, தண்ணீரில் கரையும் வண்ணம், மெழுகு வண்ணக் குச்சி என்று கையில் கிடைத்ததை எல்லாம் பயன்படுத்தினார். தூரிகையும் வைத்திருந்தார். பேனாவின் பின்புறத்தாலும் தேய்த்தார். துணியாலும் விரலாலும்கூட வண்ணம் பூசினார். ஒரு படத்தை ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிப்பார். பெரும்பாலான படங்களுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. பார்ப்பவரே பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

மரமும் மாலை வானமும்

தாகூர் வங்காளத்தில் சாந்திநிகேதன் என்ற இடத்தில் வாழ்ந்தார். 1901ஆம் ஆண்டு அங்கே ஒரு பள்ளி தொடங்கினார். மரத்தடியில்தான் வகுப்பு நடக்கும். அங்கே சிவந்த மண், பனை மரம், சால மரம், பரந்த வானம் எல்லாம் உண்டு. வெயில், மழை, பூ, காற்று எல்லாமே பாடம்.

அவர் வரைந்த இயற்கைக் காட்சிகளில் மாலை வெளிச்சம் அதிகம். வானம் மஞ்சளாக ஒளிரும். அதன் முன்னே மரங்கள் கறுப்பாக நிற்கும். மரத்தின் ஒவ்வோர் இலையையும் அவர் வரையவில்லை. பொழுது சாயும்போது நம் கண்ணுக்கும் இலை தனித்தனியாகத் தெரிவதில்லை அல்லவா?

அவருக்குச் சிவப்பு நிறமும் பச்சை நிறமும் தெளிவாகப் பிரித்துத் தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் குறையோடுதான் அவர் வரைந்தார்.

பாரிசுக்கே போன படங்கள்

1930ஆம் ஆண்டு மே மாதம் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. எங்கே தெரியுமா? பாரிஸ் நகரில். 'பாரிசுக்குப் போகாது' என்று 30 ஆண்டுகளுக்கு முன் வேடிக்கையாக எழுதினாரே, அதே பாரிஸ். ஒக்காம்போதான் அதற்கு ஏற்பாடு செய்தார். அதே ஆண்டு லண்டன், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் நகரங்களிலும் படங்கள் காட்டப்பட்டன.

பலர் பாராட்டினார்கள். இது என்ன படம் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. தாகூர் நிறுத்தவில்லை. 1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் அவர் காலமானார். அதற்குள் 2,000க்கும் மேற்பட்ட படங்களை வரைந்திருந்தார். இன்று அவற்றில் பல, டில்லியில் உள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்தில் இருக்கின்றன. அவருடைய ஓவியங்களை நாட்டின் கலைச் செல்வம் என்று அரசு அறிவித்திருக்கிறது.

வசதி இல்லாதவர் வரைய முடியாதா?

'தாகூர் வசதியான வீட்டில் பிறந்தவர். படித்தவர். கூலி வேலை செய்பவர் இதைச் செய்ய முடியுமா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையே பதில்.

அவர் பெயர் ஜோதையா பாய். மத்தியப் பிரதேசத்தில் உமரியா மாவட்டத்தில் உள்ள லோர்ஹா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். பைகா என்னும் பழங்குடிப் பெண். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பள்ளிக்கூடம் போனதில்லை.

அந்தப் பகுதியில் ஆசிஷ் சுவாமி என்ற ஓவியர் ஓர் ஓவியக் கூடம் நடத்தினார். அவர் தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர். அந்தக் கூடத்தில்தான் ஜோதையா பாய் முதன்முதலாகத் தூரிகை பிடித்தார். அப்போது அவருக்கு வயது கிட்டத்தட்ட 70.

அவர் எதை வரைந்தார்? தமக்குத் தெரிந்த காட்டை வரைந்தார். இலுப்பை மரம், புலி, மயில், பைகா மக்களின் தெய்வங்கள். அவருடைய படங்கள் வெளிநாட்டுக் கண்காட்சிக்கும் போயின. 2023ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

தாகூருக்கு 63. ஜோதையா பாய்க்கு 70. 'இந்த வயதில் எதற்கு?' என்று கேட்டு இருவரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை.

தண்ணீர் வண்ணம் என்றால் என்ன?

தண்ணீரில் கரைத்துப் பூசும் வண்ணத்தைத் தண்ணீர் வண்ணம் என்கிறோம். இதைக் கடையில் சிறு வில்லைகளாக விற்கிறார்கள். நன்றாகப் பொடித்த நிறத்தோடு வேல மர வகையின் பிசினைச் சேர்த்து இதைச் செய்கிறார்கள். தாளில் பூசியதும் தண்ணீர் காய்ந்து போகும். நிறத்தைப் பிசின் தாளில் பிடித்துக்கொள்ளும்.

மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள்.

ஒன்று: தண்ணீர் அதிகமானால் நிறம் வெளுக்கும். தண்ணீர் குறைந்தால் நிறம் அழுத்தமாகும். காய்ந்த பிறகு நிறம் கொஞ்சம் மங்கும்.

இரண்டு: வெள்ளை நிறம் தேவை இல்லை. தாளின் வெள்ளையே வெள்ளை. நிலா வேண்டும் என்றால் நிலா இருக்கும் இடத்தில் வண்ணம் பூசாமல் விடுங்கள்.

மூன்று: முதலில் வெளிர் நிறம். அது காய்ந்த பிறகு அடர் நிறம். அடர் நிறத்தை முதலில் பூசிவிட்டால் அதை வெளிராக்குவது கடினம்.

செய்து பாருங்கள்

தேவையான பொருள்கள்: வண்ண வில்லைப் பெட்டி, ஒரு தூரிகை, இரண்டு குவளைத் தண்ணீர், பழைய துணி, கெட்டியான தாள். எழுதும் நோட்டுத் தாள் மெல்லியது. ஈரம் பட்டால் சுருங்கும். படம் போடும் நோட்டு நல்லது.

1. மேகம்: தாளை வெறும் தண்ணீரால் நனையுங்கள். ஈரம் காயும் முன் நீல வண்ணத்தைத் தொட்டு வையுங்கள். நீலம் தானாகப் பரவும். விட்ட வெள்ளை இடம் மேகம் ஆகும்.

2. நிறக் கலவை: மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் செம்மஞ்சள். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. மூன்று நிறம் இருந்தால் பல நிறம் கிடைக்கும்.

3. உப்பு: ஈரமாக இருக்கும் வண்ணத்தின் மேல் சில கல் உப்பைத் தூவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு உப்பைத் தட்டிவிடுங்கள். உப்பு இருந்த இடத்தில் பூப் போலவும் நட்சத்திரம் போலவும் வெளிர்ப் புள்ளிகள் இருக்கும். உப்பு ஈரத்தை உறிஞ்சும்போது நிறத்தையும் இழுக்கிறது. அதனால் இப்படி ஆகிறது.

4. இலை அச்சு: ஓர் இலையின் பின்புறத்தில் வண்ணம் பூசுங்கள். தாளில் வைத்து அழுத்தி எடுங்கள். இலையின் நரம்பு அப்படியே பதியும்.

5. வீட்டு வண்ணம்: வண்ணப் பெட்டி இல்லையா? மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரையுங்கள். அதில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் பார்த்திருப்பீர்கள். நீலச் சங்குப்பூவைக் கசக்கிச் சாறு எடுங்கள். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா நிறம் வரும். ஆனால் இந்த வண்ணங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

கவனம்: தூரிகையை வாயில் வைக்காதீர்கள். வண்ணத் தண்ணீரைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சுண்ணாம்பு கண்ணில் படக் கூடாது.

சொட்டு விழுந்துவிட்டதா?

தண்ணீர் வண்ணத்தை ரப்பரால் அழிக்க முடியாது. வேண்டாத இடத்தில் ஒரு சொட்டு விழும். உடனே துணியால் ஒற்றி எடுக்கலாம். அப்படியும் கறை தங்கினால் தாளைக் கிழிக்காதீர்கள். சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். அந்தக் கறை ஒரு பாறை ஆகலாம். ஒரு குருவி ஆகலாம். தூரத்து மரம் ஆகலாம்.

எழுத்தும் அப்படித்தான். அடித்த சொல்லுக்கு அருகில் சரியான சொல்லை எழுதுங்கள். அடித்த கோடு, கை உழைத்ததற்கு அடையாளம். அடிக்காமல் எழுதக் கற்றவர் யாரும் இல்லை.

கேள்விகள்

1. தாகூர் நோட்டில் அடித்த சொற்களை என்ன செய்தார்?
2. அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி எந்த ஆண்டு, எந்த நகரில் நடந்தது?
3. ஜோதையா பாய் எவற்றை வரைந்தார்?
4. தண்ணீர் வண்ணத்தில் நிலாவை எப்படிக் காட்டுவது?
5. மஞ்சள் கரைசலில் சுண்ணாம்பு சேர்த்தால் என்ன நிறம் வரும்?

எழுதுங்கள், வரையுங்கள்

உங்கள் வீட்டருகே உள்ள ஒரு மரத்தைக் காலையில் பாருங்கள். மாலையிலும் பாருங்கள். இரண்டு நேரத்திலும் அதன் நிறம் எப்படி இருந்தது? ஐந்து வரி எழுதுங்கள். அதன் கீழே அந்த மரத்தை வரையுங்கள். எழுதியதையும் வரைந்ததையும் உங்கள் மையத்தில் மற்றவர்களுக்குக் காட்டுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும்.