தஞ்சை தந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா



மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்றதும் நம் விவசாயி கேட்பது ஒன்றுதான்: "கடைமடைக்கு வந்து சேருமா?" அரசாங்கப் பணத்தைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டவர், 1892 ஜனவரி 4-ல் நம் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா.

லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தணிக்கையாளராக இருந்தவர் அவர். பின்னர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசின் வரவு செலவை ஆராய்ந்தார். ஏழைகளிடம் வாங்கிய வரி ராணுவத்துக்கும், கடன் வட்டிக்கும், அதிகாரிகளின் பெரும் சம்பளத்துக்கும் போனது. கல்விக்கும் சுகாதாரத்துக்கும் மிஞ்சியது சொற்பமே. நாட்டின் வறுமைக்கு ஆங்கில ஆட்சியின் நிதி நிர்வாகமும் காரணம் என்பது அவர் கண்ட முடிவு. 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்த பின், அந்த ஆய்வு 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளிவந்தது.

ஏட்டுக் கல்வியோடு அவர் நிற்கவில்லை. குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் மாணவர்களுடன் கிராமம் கிராமமாகச் சென்று, குடியானவர்களின் வரவு, செலவு, கடன் விவரங்களை எழுதி எடுத்தார்.

1934 பீகார் பூகம்ப நிவாரண நிதிக்கு அவரே கணக்குப் பொறுப்பாளர். ஊழியரின் தினச் செலவுக்கு வரம்பு வைத்திருந்தார். காந்தியடிகளின் குழுவினர் வந்தபோது அவர்களின் கூடுதல் செலவை நிவாரண நிதியிலிருந்து தர மறுத்துவிட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்காக வந்த பணம் அமானத் அல்லவா? பெரியவர், வேண்டியவர் என்று அதில் பார்க்க முடியாது.

சுதந்திரத்துக்குப் பின், அவர் தலைமையிலான காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழு 1949-ல் தந்த அறிக்கை, உழுபவருக்கே நிலம் என்றது. குத்தகையும் பண்ணையாள் முறையும் வேரோடியிருந்த நம் மாவட்டத்துக்கு இது சாதாரணப் பேச்சல்ல. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல்தான் வந்தது. குமரப்பா 1960 ஜனவரி 30-ல் மதுரையில் காலமானார்.

இதில் நமக்கு என்ன பாடம்? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். நம் வீட்டு ஆண்களும் பெண்களும் போய் உட்கார்ந்து கேட்போம். ஜமாஅத் கணக்கையும் நமது அறக்கட்டளையின் கணக்கையும் அதேபோல் கேளுங்கள். கணக்குக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற அக்கறை அது. கேட்பவர் இருந்தால்தான் பொறுப்பில் இருக்கும் எங்களுக்கும் கவனம் இருக்கும்.