வடக்கே போனால் சந்தையையும் பாருங்கள்

காசி, டெல்லி, கல்கத்தா என்று யாத்திரை போகும் நம் வணிகர்கள் கோயிலைப் பார்க்கிறார்கள், கோட்டையைப் பார்க்கிறார்கள், துணிமணி வாங்கித் திரும்புகிறார்கள். ஊர்ச் சந்தைக்கென ஒரு காலை நேரத்தை ஒதுக்குவோர் குறைவு. நெல்லிவாசல்நாட்டில் மளிகைக்கடை நடத்துபவருக்கு டெல்லிச் சந்தையில் என்ன வேலை என்று கேட்கலாம். ஜவ்வாது மலையில் நாம் கொள்முதல் செய்யும் புளி, கடுக்காய், தேன் போன்ற சரக்குகளுக்கு அங்கேயும் வியாபாரம் உண்டு. தரம் பிரித்த சரக்கு எப்படி விலை போகிறது என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

காரி பாவ்லி

பழைய டெல்லியில், 1650ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஃபதேபுரி மசூதியை ஒட்டி இந்த மொத்த வியாபாரச் சந்தை இருக்கிறது. உப்புநீர்ப் படிக்கிணறு என்பது பெயரின் பொருள். மசாலா, உலர்பழம், மூலிகை எல்லாம் இங்கே மூட்டைக் கணக்கில் கைமாறுகின்றன. ஞாயிற்றுக்கிழமை தவிர்த்துப் போவது நல்லது.

புளிக்கு அங்கே இம்லி என்று பெயர். கடுக்காய் ஹரட், தேன் ஷஹத், சாமை குட்கி. ஆனால் குட்கி என்ற பெயரில் கசப்பான மூலிகை வேர் ஒன்றும் விற்கிறது. ஆகவே தானியம் என்று சேர்த்துச் சொல்லிக் கேட்கவேண்டும்.

ஒரே சரக்கு பல மூட்டைகளில் வாய் திறந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. பருமன், நிறம், உடைசல், ஈரம் ஆகியவற்றைப் பார்த்துப் பிரித்திருப்பார்கள்.

ஹவுரா மீன் சந்தை

ஹவுரா ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள மொத்த மீன் சந்தைக்கு விடியுமுன் போகவேண்டும். ஆந்திராவின் குளங்களில் வளர்ந்த ரோகு, கட்லா மீன்கள் ஐஸில் அடைத்து லாரியில் வந்து இறங்குகின்றன. ரகமும் அளவும் பிரித்த பிறகே விலை பேசுவார்கள். நேரம் கடந்தால் சரக்கின் மதிப்பு இறங்கும் என்பதை அங்கே எல்லோரும் அறிவார்கள்.

மலையில் நமக்கு மீன் வியாபாரம் கருவாட்டோடு சரி. ஆனால் சீத்தாப்பழமும் மீனைப் போலத்தான். பறித்த சில நாட்களில் கனிந்துவிடும். காயையும் கனிந்ததையும் ஒரே கூடையில் அனுப்பினால் இறக்கும் இடத்தில் பாதி நசுங்கியிருக்கும். கெட்டிக்காய் தொலைவுக்கு, கனிந்தது அன்றைய சந்தைக்கு என்று பிரிப்பதே முறை.

நாம் பட்ட பாடு

இப்படிப் போன ஒரு பயணத்தில் மூட்டையின் மேல்வாயில் இருந்த சீரகத்தைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வாங்கினோம். ஊரில் பிரித்தபோது நடுவில் பழைய சரக்கும் மண்ணும் இருந்தன. குத்தூசி போட்டு நடுவிலும் அடியிலும் எடுத்துப் பார்க்காதது நம் தவறு. பில்லும் வாங்கவில்லை, திருப்பிக் கேட்க வழியில்லாமல் போயிற்று.

கோபம் தணிந்த பிறகு வேறொரு நினைப்பு வந்தது. மலையிலிருந்து கீழே நாம் அனுப்பும் புளி மூட்டை எப்படி இருக்கிறது? மேலே நல்ல புளி, உள்ளே கொட்டையும் ஓடும் ஈரமும் இருந்தால் வாங்கியவர் நம்மைப் பற்றியும் இதையேதான் சொல்லுவார். மறுமுறை மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று பிடித்துக்கொள்வார். அந்தக் கழிவை நாம் மலைக்குடும்பங்களின் கொள்முதல் விலையில் இறக்குவோம். புளி உலுக்கிய வீட்டார்தான் கடைசியில் நஷ்டப்படுகிறார்கள்.

செய்யவேண்டியவை

1. கொட்டையெடுத்த புளி, கொட்டைப்புளி, ஈரப்புளி மூன்றையும் தனித்தனியாக வாங்கித் தனித்தனியாகக் கட்டுங்கள். நல்ல சரக்குக்கு நல்ல விலை கொடுத்தால் அடுத்த பருவத்தில் வீட்டிலேயே காயவைத்துப் பிரித்துக் கொண்டுவருவார்கள்.

2. முத்திரையிட்ட தராசில், கொண்டுவந்தவர் கண்ணெதிரே எடை போடுங்கள்.

3. வெளியூரில் வாங்கினால் மாதிரியை மூட்டையின் மூன்று இடங்களில் எடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். வேறு மாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வருமானால் இ-வே பில்லும் வேண்டும்.

அடுத்த யாத்திரையில் ஒரு காலையைச் சந்தைக்குக் கொடுங்கள். ஒன்றும் வாங்காமல் திரும்பினாலும் பரவாயில்லை. பார்த்ததை வந்து சக வணிகர்களுக்குச் சொன்னால் அதுவே லாபம்.