மாடியில்லா வீட்டின் முகப்பழகு

(மனையியல் பிரிவு மாணவியர்)

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பர் பெரியோர். இரண்டிலும் கைப்பணம் கரைவது கண்ணுக்குத் தெரியாது. அதிலும் நடுத்தரக் குடும்பத்தார் பலர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு வீடுதான் கட்டுகின்றனர். ஆகவே வீட்டின் வெளித்தோற்றத்தில் எதற்குச் செலவிட வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை மனையியல் பயிலும் நாம் அறிந்திருத்தல் நன்று.

இவ்வாண்டு எங்கள் வகுப்பில், மாடியில்லாத சிறிய வீடு ஒன்றுக்கு முகப்பு வரைந்து வரும்படி எங்கள் ஆசிரியை அருட்சகோதரி பணித்தார்கள். நாங்களும் ஆர்வத்தோடு வரைந்தோம். பெரிய தூண்கள், வளைவுகள், மாடி இருப்பதுபோல் காட்டும் உயரமான கைப்பிடிச்சுவர், பளபளக்கும் டைல்ஸ் எனத் தாளை நிரப்பினோம். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்த சகோதரி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "மழை பெய்யும்போது உங்கள் வாசலுக்கு வருபவர் எங்கே நிற்பார்?" எங்கள் படம் ஒன்றிலும் அதற்கு இடமில்லை. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

வெயிலை அறிவோம்

மாடி வீட்டின் கீழ்த்தளத்துக்கு மேல்தளம் குடையாகும். மாடியில்லா வீட்டுக்கு அந்தக் குடை இல்லை. கூரையும் சுவர்களும் நேரே வெயில் வாங்கும். எனவே முகப்பு அமைக்குமுன் சூரியன் செல்லும் வழியை அறிய வேண்டும். இதற்குப் பூகோளப் பாடம் கைகொடுக்கிறது.

மதுரையை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் 21 அளவில் நண்பகல் சூரியன் அங்கே தெற்கில் சுமார் 56 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது 2 அடி நீண்ட சன்ஷேடு, தெற்குச் சுவரில் ஏறக்குறைய 3 அடிக்கு நிழல் தரும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். ஜூன் 21 அளவில் அதே 2 அடி சன்ஷேடு வடக்குச் சுவரில் 8 அடி வரை நிழல் தரும். ஆக, தெற்கு வெயிலையும் வடக்கு வெயிலையும் சன்ஷேடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

மேற்கு வெயில் அப்படியன்று. மாலையில் சூரியன் நேர் மேற்கே 20 பாகை உயரத்துக்கு இறங்கும்போது, அதே சன்ஷேடு தரும் நிழல் வெறும் 9 அங்குலமே. மீதிச் சுவர் முழுவதும் காயும். செங்கல் சுவர் அந்த வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் வீட்டுக்குள் விடும். ஆகவே மேற்கே தாழ்வாரமோ, மரமோ, கொடிப்பந்தலோ வேண்டும்.

எங்களுள் ஒருத்தியின் வீடு கடன் வாங்கிக் கட்டியது. வடக்குப் பார்த்த முகப்பில் தூணும் வளைவும் வைத்ததிலேயே பணம் தீர்ந்தது. சமையலறையின் மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம் இறக்க வழியில்லை. தெருவில் போவோர் முகப்பைப் புகழ்ந்தார்கள். அவளுடைய அம்மாவோ தினமும் மாலையில் சுடுகின்ற அந்தச் சுவரருகே நின்று இரவுச் சமையல் செய்தார்கள். பிறகு சுவரிலிருந்து நான்கடி தள்ளி மூங்கில் நட்டு, பந்தல் போட்டு, பீர்க்கும் அவரையும் ஏற்றினார்கள். மூங்கிலும் கயிறும் விதையும்தான் செலவு. கொடி படர்ந்த பிறகு மாலையிலும் அச்சுவரில் கை வைக்க முடிகிறது. காயும் கிடைக்கிறது!

மழையை அறிவோம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை, கட்டட வேலையின் குறைகளை வெளிச்சமாக்கிவிடும். வீட்டின் தரைமட்டம் தெருவைவிட 2 அடியாவது உயர்ந்திருத்தல் நலம். புதுச் சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்வதை நாம் காண்கிறோம் அல்லவா? சன்ஷேடு சற்று வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். அதன் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, விரலகலத்தில் ஒரு காடி விடும்படி கொத்தனாரிடம் சொல்ல வேண்டும். அப்போது நீர் அந்த இடத்திலேயே சொட்டிவிடும்; சுவரில் வழிந்து கறை பிடிக்காது. சிறிய காடிதான், ஆனால் வண்ணப்பூச்சைக் காப்பது அதுவே.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே கூரைநீர் இறங்கும் குழாயையும் அது சேரும் குழியையும் முகப்பு வரையும்போதே திட்டமிட வேண்டும். முன்வாசல் முழுவதும் சிமெண்டு போட்டுவிட்டால் பெய்யும் நீர் தெருவுக்கே ஓடும். மண் தெரிய ஓரிடம் விட்டால் நீர் இறங்கும். முல்லையும் செம்பருத்தியும் வளரும்.

பூசாத சுவரும் அழகே

வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அடர்ந்த நிறம் உள்ளே வாங்கும். வெள்ளைச் சுண்ணாம்பு நம் முன்னோருக்குப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவையே தம் நாடாக்கிக்கொண்ட கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) திருவனந்தபுரத்தில் பல வீடுகளைச் சிமெண்டுப் பூச்சின்றிச் செங்கல் தெரியவே கட்டினார். செங்கல்களுக்கிடையே துளைகள் விட்டு அவர் அமைத்த ஜாலிச் சுவர்களில் காற்று புகும், கண்கூச்சம் குறையும், நிழல் கோலமிடும். செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் முறையையும் அவர் பரப்பினார். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சிக்கனமும் அழகும் ஒன்றாய் வாழும் என்பதற்கு அவ்வீடுகள் சான்று.

திண்ணையை மறவோம்

நம் பழைய வீடுகளின் முகப்பில் இருந்தது திண்ணை. வழிப்போக்கர் இளைப்பாறினர், முதியோர் காற்று வாங்கினர், அதன்மேல் பள்ளிக்கூடமே நடந்தது. இன்று அந்த இடத்தில் உயர்ந்த சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் நிற்கின்றன. காவல் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆயினும் கதவுக்கு உட்புறமாவது, கூரையின் கீழே, ஒன்றரை அடி உயரத்தில் இருவர் அமரும் ஒரு திண்ணை அமைக்கலாம். கடப்பைக் கல் ஒன்று போதும். அலங்காரத் தூண் ஒன்றைக் குறைத்தாலே அந்தச் செலவு கிடைத்துவிடும்.

முடிவுரை

பகலின் வெயில் வேளையில் தம் கூடார வாயிலில் அமர்ந்திருந்த ஆபிரகாம், வந்த மூவரை எதிர்கொண்டோடி, கால் கழுவ நீரும் மரநிழலில் இளைப்பாற இடமும் தந்ததாகத் தொடக்கநூல் கூறுகிறது. அக்கூடாரத்தில் தூணலங்காரம் இருந்ததாக நாம் வாசிப்பதில்லை. நிழலும் நீரும் வரவேற்பும் இருந்தன.

நாங்கள் எங்கள் படங்களை மீண்டும் வரைந்தோம். இம்முறை தூண்கள் குறைந்தன. மேற்கே ஒரு பந்தல் வந்தது. வாசலில் ஒரு திண்ணையும் அதன் ஓரத்தில் ஒரு தண்ணீர்ப் பானையும் வந்தன. அன்புத் தோழியரே! நாளை நம் இல்லங்களைக் கட்டும்போது நம்மிடமும் கருத்துக் கேட்பார்கள். அப்போது, "தெருவிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்குமுன், "உள்ளே சமைப்பவருக்கும் வாசலில் நிற்பவருக்கும் நிழல் உண்டா?" என்று கேட்போம். அந்த நிழலே வீட்டின் முகப்பழகு.