மலைநாட்டுச் செம்மறிகளும் குடற்புழுவும்

சங்கக் கடனில் வாங்கிய ஆடு மாண்டால் ஆடுதான் போகும், கடன் போகாது. ஆகையால் ஆட்டின் வயிற்றினுள் நடப்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியம். இப்பாடம் நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில் செம்மறி வளர்ப்போரை உத்தேசித்து எழுதப்பட்டது.

1. குளிர் புழுவைக் கொல்லுமா?

மலைக்குளிரில் புழு தங்காது என்று பலர் நம்புகின்றனர். இது பாதி உண்மையே. உதகமண்டலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 7,350 அடி உயரத்தில் உள்ளது. அங்கு உறைபனி விழும் நாட்களில் புழுவின் முட்டை பொரிவது தடைப்படும். ஆனால் முன்னமே பொரித்து வளர்ந்து புல்லில் ஏறிய இளம்புழுவின் சங்கதி வேறு. அது ஓர் உறைக்குள் மூடுண்டிருப்பதால் எதையும் உண்பதில்லை. உடலில் சேமித்த சத்தைக்கொண்டே பிழைக்கிறது. வெயில் காயும் சமவெளியில் அச்சத்து விரைவில் தீர்ந்து, சில வாரங்களில் மடியும். குளிர்ந்த ஈரப் புல்லிலோ சில மாதங்கள்கூட உயிரோடிருக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்துப் பெய்யும் நீலகிரியில் புல் உலரும் காலம் குறைவு.

2. புழுவின் வாழ்க்கை

செம்மறிக்குப் பெருங்கேடு செய்வது ஹெமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்னும் புழு. குடற்புழு என்று பொதுவாகச் சொன்னாலும், இது வசிப்பது இரைப்பையின் நாலாம் அறையில். பெண்புழு ஏறக்குறைய ஓர் அங்குல நீளம். இரத்தம் நிறைந்த குடலை வெண்மையான கருப்பை சுற்றியிருப்பதால், சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூல்போலத் தோன்றும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேலும் இடக்கூடும். ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் தினமும் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் நஷ்டமாகும்.

முட்டை புழுக்கையோடு வெளிவந்து பொரிக்கிறது. இளம்புழு பனிநீரில் ஊர்ந்து புல்லில் ஏறும். பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்ளேயே இருக்கும். ஆகவே புல்லை ஒட்டக் கறிக்கும் ஆடே அதை மிகுதியாக உட்கொள்ளும். சுமார் மூன்று வாரங்களில் அப்புழு தானும் முட்டையிடத் தொடங்கும்.

3. அடையாளங்கள்

கழிச்சல் இல்லையே என்று நிம்மதியடையலாகாது. இப்புழுவினால் பெரும்பாலும் கழிச்சல் ஏற்படுவதில்லை. கண்ணின் கீழிமையை மெதுவாக விலக்கி உட்புறத்தைப் பார்க்கவேண்டும். சிவந்திருந்தால் நலம், வெளுத்திருந்தால் இரத்தக் குறைவு. தாடையின் கீழ் நீர் கோத்து வீங்குதல் முற்றிய நிலை. மேய்ந்து திரும்பும் மாலையில் இவ்வீக்கம் நன்கு தெரியும். குட்டிகளும் ஈன்ற தாய் ஆடுகளும் முதலில் நலிவடையும்.

4. மருந்து ஏன் பலிப்பதில்லை?

1961-ஆம் ஆண்டில் தயாபெண்டசோல் என்னும் சிறந்த மருந்து வெளிவந்தது. 1964-ஆம் ஆண்டிலேயே அதற்கு அடங்காத புழுக்கள் செம்மறிகளில் கண்டறியப்பட்டன. அல்பெண்டசோலும் பென்பெண்டசோலும் அதே இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஒன்றை நிறுத்தி மற்றொன்றைக் கொடுப்பது மருந்தை மாற்றியதாகாது.

மந்தை முழுவதற்கும் அடிக்கடி மருந்து புகட்டினால், மருந்துக்கு அடங்கும் புழுக்கள் அழிந்து, அடங்காதவை மட்டுமே வித்தாக மிஞ்சும். கண்மதிப்பில் அளவு குறைத்துப் புகட்டுவதும் இக்கேட்டையே வளர்க்கும். திடமான ஆடுகளுக்கு மருந்து கொடாமல் விட்டால், அவற்றின் புழுக்கையில் வரும் அடங்கும் புழுக்கள் மேய்ச்சல் நிலத்தில் மற்றவற்றோடு கலந்து, மருந்தின் சக்தியை நீண்டகாலம் காக்கும்.

இமையின் நிறத்தை ஐந்து படிகளாக வகுத்துக் காட்டும் வண்ண அட்டை 1990-களில் தென்னாப்பிரிக்காவில் உருவாயிற்று. கடைசி இரண்டு படிகளில் உள்ள ஆடுகளுக்கு மருந்து கட்டாயம். நடுப்படியில் உள்ள குட்டிக்கும் மெலிந்த ஆட்டுக்கும் கொடுப்பது நலம்.

5. சங்கம் செய்யத்தக்கவை

(அ) பொதுவில் ஒரு தராசு வாங்கி, ஆட்டை நிறுத்தே மருந்து அளக்க வேண்டும்.

(ஆ) மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இமை பார்க்க வேண்டும்.

(இ) மருந்து கொடுக்கும் அன்றும், 10 முதல் 14 நாட்கள் கழித்தும், புழுக்கையைக் கால்நடை ஆஸ்பத்திரியில் சோதிக்கச் செய்ய வேண்டும். முட்டை 100-க்கு 95 பங்காவது குறையாவிடில், வேறு இன மருந்தைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

(ஈ) புதிதாக வாங்கிய ஆடுகளை மந்தையில் உடனே சேர்க்காமல், தனியே அடைத்து, சோதித்தபின் சேர்க்க வேண்டும்.

(உ) ஆடு மேய்ந்த நிலத்தில் சில காலம் வளர்ந்த மாடுகளை மேய்க்கலாம். ஆட்டின் இப்புழு அவற்றினிடம் பெரும்பாலும் தழைப்பதில்லை, நிலமும் தூய்மையடையும்.

மேய்ச்சல் நிலம் பொதுவாயிருக்கையில் ஒருவர் மட்டும் கவனமாயிருந்து பயனில்லை. அயலார் ஆட்டின் புழு நம் ஆட்டின் வாயிலும் ஏறும். கூடிச் செய்யும் காரியமே இங்கு மருந்தினும் மேலான மருந்து.

கூட்டத்தில் ஆராயவேண்டிய வினாக்கள்

1. சென்ற மழைக்காலத்தில் நம் சங்கத்தாரிடம் மாண்ட குட்டிகள் எத்தனை?

2. எந்த மருந்தை எத்தனை ஆண்டுகளாக நாம் வாங்கி வருகிறோம்? அது பலிக்கிறதென்று எவ்வாறு அறிந்தோம்?

3. இமை பார்க்கக் கற்றுக்கொள்ள முன்வரும் இரண்டு அங்கத்தினர் யாவர்?